குழாய்க்குள் விரியும் காற்று: வாயுவின் பாகுநிலையை அளப்பது எப்படி?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டுப் பக்கம் பிள்ளைச்சாவடி வரும். ஒரு பக்கம் கடல், மீனவர் குடியிருப்பு. இன்னொரு பக்கம் பொறியியல் கல்லூரியாக இருந்து இப்போது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட வளாகம். பாய்மங்களைப் (ஓடக்கூடிய பொருள்கள், அதாவது நீர்மமும் வாயுவும்) பற்றிப் படிக்கும் மாணவருக்கும், அதே சாலையில் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவருக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. ஊசித் துளை போன்ற மெல்லிய குழாய்தான் அது. பாடநூல் அதை நுண்புழைக்குழாய் என்கிறது. மெக்கானிக் ‘கேப்பிலரி’ என்பார்.

அந்தக் குழாய் வழியாக வாயுவை ஓடவிட்டு, அதன் பாகுநிலையை எப்படி அளப்பது, அது தெரிவதால் உங்களுக்கு என்ன பயன் என்பதுதான் இந்தக் கட்டுரை. கணக்கு வரும், ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் போகாது.

பாகுநிலை என்றால் என்ன?

தேனைச் சாய்த்தால் மெதுவாக வடிகிறது, தண்ணீரைச் சாய்த்தால் சட்டென்று ஊற்றிவிடுகிறது. ஓடும்போது பாய்மத்தின் ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுக்கிறது. அந்த உள் இழுவைக்குத்தான் பாகுநிலை என்று பெயர். தேனில் இழுவை அதிகம், தண்ணீரில் குறைவு.

காற்றுக்கும் பாகுநிலை உண்டா?

உண்டு, மிகக் குறைவாக. 27 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை சுமார் 850 மைக்ரோபாஸ்கல்-வினாடி (பாகுநிலையை அளக்கும் அலகு). அதே வெப்பநிலையில் காற்றுக்கு 18.5 மட்டுமே. தண்ணீரைவிட 46 மடங்கு குறைவு.

இவ்வளவு குறைவான ஒன்றை எதற்காக அளக்க வேண்டும்? குழாய் மெல்லியதாக ஆக ஆக, ஓட்டத்தைத் தீர்மானிப்பது இந்தச் சின்ன இழுவைதான். வாயுக் கசிவு, பாறைக்குள்ளிருந்து எரிவாயு வெளிவருவது எல்லாமே மெல்லிய வழிகளில் நடக்கிற காரியங்கள்.

அளக்க ஏன் மெல்லிய குழாய்?

அகலமான குழாயில் ஓட்டம் சுழித்துக் குழம்பிவிடும். மெல்லிய குழாயில் அது அடுக்கடுக்காக, ஒழுங்காகப் போகும். இதை வரிச்சீர் ஓட்டம் (சுழிப்பு இல்லாத ஓட்டம்) என்பார்கள். அப்படிப் போகும்போது, இரு முனைகளின் அழுத்த வேறுபாட்டையும் நொடிக்கு எவ்வளவு வெளிவருகிறது என்பதையும் அளந்தால் போதும். பாகுநிலை கணக்கில் வந்துவிடும்.

இந்த விதியை 1839இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹாகனும், அதே காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் புவாஸெய்யும் தனித்தனியே கண்டார்கள். பள்ளிப் புத்தகத்தில் ‘பாய்சொய் சமன்பாடு’ என்று இருப்பது புவாஸெய் பெயரால்தான். உடலின் மெல்லிய நாளங்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பித்தான் அவர் கண்ணாடி நுண்குழாய்களைக் கையில் எடுத்தார்.

விதியில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. துளை இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும். துளையை அளப்பதில் 1 விழுக்காடு பிசகினால் பாகுநிலையில் 4 விழுக்காடு பிசகும்.

தண்ணீருக்குச் சரி. அதே விதி காற்றுக்குப் பொருந்தாதா?

அப்படியே பொருந்தாது. தண்ணீர் குழாயில் நுழையும்போது ஒரு லிட்டர் என்றால் வெளிவரும்போதும் ஒரு லிட்டர்தான். காற்று அப்படி இல்லை. நுழைவாயிலில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே அது அமுங்கியிருக்கிறது. போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது. வெளிவாயிலுக்கு வரும்போது அதே காற்று கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது, வேகமும் கூடுகிறது.

ஆகவே ‘நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர்?’ என்று மட்டும் கேட்டால் கேள்வி முழுமையாகவில்லை. ‘எந்த அழுத்தத்தில் எத்தனை மில்லி லிட்டர்?’ என்று கேட்க வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் விடை தவறாகத்தான் வரும்.

எவ்வளவு தவறும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் துளை, ஒரு மீட்டர் நீளம் கொண்ட குழாய். நுழைவில் 120 கிலோபாஸ்கல் அழுத்தம், வெளியே 100 கிலோபாஸ்கல் (ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஓடுவது 27 டிகிரியில் உள்ள காற்று.

வெளிவாயிலில் நிமிடத்துக்கு 109 மில்லி லிட்டர் வரும். அதே காற்று நுழைவாயிலில் 91 மில்லி லிட்டர்தான். இரண்டும் ஒரே அளவு காற்று, எடை மாறவில்லை.

இப்போது இரண்டு மாணவர்கள் இதை அளக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் வெளிவாயிலில் அளந்து, தண்ணீருக்கான பாய்சொய் சமன்பாட்டில் போடுகிறார். அவருக்குப் பாகுநிலை 16.8 என்று வருகிறது. மற்றவர் நுழைவாயிலில் அளந்து அதே சமன்பாட்டில் போடுகிறார். அவருக்கு 20.2 வருகிறது. உண்மை மதிப்பு 18.5. கருவி ஒன்று, காற்று ஒன்று, கைத்திறனிலும் குறை இல்லை. இருந்தும் ஒருவர் விடை 9 விழுக்காடு குறைவு, இன்னொருவருடையது 9 விழுக்காடு அதிகம்.

சரியான சமன்பாடு எது?

குழாயின் எந்த இடத்திலும் மாறாதது நொடிக்குக் கடக்கும் காற்றின் எடை. வெப்பநிலை மாறாமல் இருந்தால், அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வருவதும் மாறாது. மேலே சொன்ன கணக்கில் 91ஐ 120ஆல் பெருக்குங்கள், 109ஐ 100ஆல் பெருக்குங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இதைக் கையில் பிடித்துக்கொண்டு குழாய் நெடுகக் கூட்டினால், அழுத்தங்களின் வேறுபாடு இருந்த இடத்தில் அழுத்தங்களின் இருமடிகளின் வேறுபாடு வந்து அமரும்:

பாகுநிலை = பை × ஆரம்⁴ × (நுழைவழுத்தம்² − வெளியழுத்தம்²) ÷ (16 × நீளம் × வெளியழுத்தம் × வெளிவாயிலில் நொடிக்கு வரும் கன அளவு)

வாயுக்களுக்கான இந்த வடிவத்தை 1860களில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஓ. இ. மேயர் பயன்படுத்தினார். அதற்கு முன்பே 1840களில், லண்டனில் தாமஸ் கிரகாம் என்ற வேதியியலாளர் பல வாயுக்களை நுண்குழாய் வழியே விட்டு, எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பட்டியல் போட்டிருந்தார்.

இருமடியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. சுருக்குவழி இல்லையா?

இருக்கிறது. இரு முனை அழுத்தங்களின் சராசரியில் கன அளவைக் கணக்கிட்டுக்கொண்டால், தண்ணீருக்கான பழைய சமன்பாடே சரியாக வேலை செய்யும். நம் கணக்கில் சராசரி 110 கிலோபாஸ்கல். அந்த அழுத்தத்தில் அதே காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 99.5 மில்லி லிட்டர். தண்ணீர்ச் சமன்பாடு தரும் எண்ணும் அதுவே.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. அழுத்த வேறுபாடு மொத்த அழுத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால், காற்று அமுங்குவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பிழை அரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். நாம் மூச்சு விடும்போது நடப்பது அப்படித்தான். காற்று வாயுவாக இருந்தும், மூச்சுக்குழாயில் அது கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரியே நடந்துகொள்கிறது.

ஆய்வகத்தில் இதைச் செய்ய என்ன வேண்டும்?

காற்று வரும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கம்ப்ரசர் அல்லது சிலிண்டர். அடுத்து அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர். பிறகு தூசு வடிகட்டி. அதற்குப் பின் ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய். பிறகு அழுத்தமானி. அதன் பின் நீர்த்தொட்டியில் அமிழ்ந்த நுண்புழைக்குழாய். கடைசியாக, வெளிவரும் காற்றை அளக்க சோப்புப் படலம் ஏறும் பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்).

பியூரெட்டின் அடியில் சோப்பு நீரைத் தொட்டு ஒரு படலம் உண்டாக்கினால், வரும் காற்று அதை மேலே தள்ளிக்கொண்டு போகும். 50 மில்லி லிட்டரைக் கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். நம் கணக்கில் அது ஏறத்தாழ 27 நொடி. நிறுத்துகடிகாரத்துக்கு இது வசதியான நேரம்.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் வடிகட்டியையும் சிலிக்கா ஜெல்லையும் தள்ளிப்போட வேண்டாம். உப்புக் காற்றும் ஈரமும் அரை மில்லிமீட்டர் துளையை எளிதில் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் குழாயின் இரு முனைகளையும் மூடி வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் உலர்த்திவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள்.

எங்கெல்லாம் பிழை வரும்?

முதலாவது, அழுத்தமானி. கடையில் கிடைக்கும் பெரும்பாலான மானிகள் சுற்றுக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்று மட்டுமே காட்டும். முள் 20 காட்டினால் உண்மையான அழுத்தம் 120. தண்ணீர்ச் சமன்பாட்டை இது பாதிக்காது. வேறுபாடு எப்படியும் 20தான். இருமடிச் சமன்பாட்டில் இது எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும். இரு முனைகளுக்கும் காற்றழுத்தத்தைக் கூட்டிய பிறகே இருமடி எடுங்கள். அன்றைய காற்றழுத்தத்தைப் பாரமானியில் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

இரண்டாவது, துளையின் அளவு. அரை மில்லிமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அது 2 விழுக்காடு. நான்காம் அடுக்கில் ஏறும்போது 8 விழுக்காடு. குழாய் விற்பவர் சொல்லும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பழைய வழி, துளைக்குள் பாதரசத்தை ஏற்றி, அதன் நீளத்தையும் எடையையும் அளப்பது. பாதரசம் நச்சு என்பதால் இன்று அதைத் தவிர்ப்பது நல்லது. எளிய வழி ஒப்பீடு. பாகுநிலை நன்றாகத் தெரிந்த ஒரு வாயுவை, உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ, அதே குழாயில் அதே அழுத்தங்களில் முதலில் விடுங்கள். பிறகு உங்கள் வாயுவை விடுங்கள். ஒரே கன அளவு கடக்க ஆன நேரங்களின் விகிதமே பாகுநிலைகளின் விகிதம். துளை, நீளம் இரண்டும் கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

மூன்றாவது, சோப்புப் படலம். உலர்ந்த காற்று ஈரமான பியூரெட்டுக்குள் வந்ததும் நீராவியை ஏற்றுக்கொண்டு கொஞ்சம் பருக்கும். 27 டிகிரியில் இது ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. அளந்த கன அளவிலிருந்து இதைக் கழிக்க வேண்டும்.

நான்காவது, ஓட்டத்தின் ஒழுங்கு. ரெனால்டு எண் (ஓட்டம் ஒழுங்காக இருக்குமா, சுழிக்குமா என்று சொல்லும் எண்) சுமார் 2,000க்குக் கீழே இருக்க வேண்டும். நம் கணக்கில் அது 300ஐ ஒட்டியே இருக்கிறது, பயமில்லை. குழாயை நெருக்கமாகச் சுருட்டாதீர்கள். வளைவில் ஓட்டம் பக்கவாட்டில் சுழலும், அது கூடுதல் எதிர்ப்பாகக் காட்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

நுழைவழுத்தத்தை ஐந்தாறு முறை மாற்றி மாற்றி ஓட்டத்தை அளந்து, வரைதாளில் குறியுங்கள். கிடையில் அழுத்த இருமடிகளின் வேறுபாடு, நெடுக்கில் ஓட்டம். புள்ளிகள் சுழியிலிருந்து கிளம்பும் நேர்கோட்டில் விழுந்தால் உங்கள் பரிசோதனை ஆரோக்கியமாக இருக்கிறது. மேல்முனையில் கோடு சாய்ந்தால், வேகம் கூடி ஓட்டம் கெடுகிறது என்று பொருள். அந்தப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். கோடு சுழி வழியாகப் போகவில்லை என்றால், எங்கோ கசிகிறது அல்லது அழுத்தமானியின் முள் நகர்ந்திருக்கிறது.

வாயுவை அமுக்கினால் பாகுநிலை கூடாதா?

கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சாதாரண அழுத்தங்களில் கூடுவதில்லை. 1860இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் இதைக் கணக்கிலேயே கண்டுபிடித்து, அவரே வியந்துபோனார். பிறகு லண்டன் கென்சிங்டனில் தன் வீட்டில், மனைவி கேதரின் உதவியோடு, தொங்கும் வட்டத்தட்டுகளை ஆடவிட்டுச் சோதித்து 1866இல் உறுதிப்படுத்தினார். அவர் பயன்படுத்தியது நுண்குழாய் அல்ல; ஆனால் விடை நுண்குழாய்க்காரர்களுக்குப் பெரிய வசதியாக அமைந்தது. குழாய் நெடுக அழுத்தம் மாறினாலும் பாகுநிலை ஒன்றே என்று எடுத்துக்கொண்டு நாம் கணக்குப் போடுவது அந்தத் துணிச்சலில்தான்.

காரணம் இதுதான். அருகருகே வெவ்வேறு வேகத்தில் போகும் இரண்டு மாட்டு வண்டிகளில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மூட்டைகளை வீசிக்கொண்டால், வேகமான வண்டி தணியும், மெதுவான வண்டி கொஞ்சம் வேகம் பிடிக்கும். வாயுவின் அடுக்குகளுக்கிடையே மூலக்கூறுகள் அப்படித்தான் தாவுகின்றன. அமுக்கினால் தாவும் மூலக்கூறுகள் கூடும். நெரிசலால் ஒவ்வொன்றும் தாவும் தூரம் அதே அளவுக்குக் குறையும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும்.

நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தத்துக்குப் போனால் இந்த ஈடுகட்டல் முறியும். அங்கே பாகுநிலை கணிசமாக உயரும்.

வெயில் காலத்தில் அளந்தால் விடை மாறுமா?

மாறும், அதுவும் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. எண்ணெய் சூடானால் இளகும். வாயு சூடானால் பாகுநிலை கூடும். மூலக்கூறுகள் இன்னும் வேகமாகத் தாவுவதால். ஏசி அறையில் 24 டிகிரியிலும், மே மாத மதியத்தில் 36 டிகிரியிலும் அளந்தால், காற்றின் பாகுநிலை ஏறத்தாழ 3 விழுக்காடு வேறுபடும். அதனால்தான் குழாயை நீர்த்தொட்டியில் வைக்கச் சொன்னேன். விடையோடு வெப்பநிலையையும் எழுதாவிட்டால் அந்த விடையை யாரும் பயன்படுத்த முடியாது.

கனமான வாயு என்றால் பாகுநிலை அதிகமா?

இல்லை. 25 டிகிரியில் ஆக்சிஜனுக்கு 20.5, நைட்ரஜனுக்கு 17.8. இவற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடுக்கு 14.9தான். மிக இலேசான ஹீலியத்துக்கோ 19.8. ஹைட்ரஜனுக்கு 8.9. சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேனுக்கு 8ஐ ஒட்டிய அளவு. எடையைப் பார்த்து ஊகிக்க முடியாது, அளந்துதான் ஆக வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். தண்ணீர் கசியாத குழாயில் கேஸ் கசியுமா?

கசியும். ஒரே விரிசல், ஒரே அழுத்த வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், தண்ணீரைவிடச் சமையல் எரிவாயு ஏறத்தாழ நூறு மடங்கு கன அளவு வெளியேறும். பாகுநிலை அத்தனை மடங்கு குறைவு. போதாததற்கு, மிக நுண்ணிய விரிசலில் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையாலேயே (மேற்பரப்பு தோல்போல் இறுகி நிற்கும் தன்மை) தேங்கி நின்றுவிடும். வாயுவுக்கு அந்தத் தடையும் கிடையாது.

ஆகவே ‘தண்ணி விட்டுப் பார்த்துட்டேன், சொட்டுக்கூட வரலை’ என்று யாராவது சொன்னால், அந்த இணைப்பை எரிவாயுவுக்கு நம்பாதீர்கள். சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கவே கூடாது. வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வெளியே வந்து 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை அழையுங்கள்.

ஃபிரிட்ஜில் உள்ள கேப்பிலரிக்கும் இந்த விதிதானா?

பாதிதான். ஃபிரிட்ஜின் பின்புறம் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய செம்புக் குழாய், அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குக் குளிர்பொருளை அளவாக விடுகிறது. உள்ளே நுழைவது நீர்மம். வழியில் அழுத்தம் குறைந்து அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஓட்டமும் சுழிப்பு ஓட்டம். அதனால் நம் எளிய சமன்பாடு அங்கே செல்லாது. துளையின் செல்வாக்கும் நான்காம் அடுக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடுக்காகக் குறைந்துவிடும்.

அப்படியிருந்தும், துளை 10 விழுக்காடு கூடினால் ஓட்டம் கால் பங்குக்கு மேல் கூடும். எனவே கேப்பிலரியை மாற்றும்போது ‘ஏறக்குறைய இதே சைஸ்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். நிறுவனம் சொன்ன துளை, நிறுவனம் சொன்ன நீளம், அவ்வளவுதான். துளை பெரிதானால் பெட்டி சரியாகக் குளிராது, கம்ப்ரசருக்கும் கேடு.

குழாயை வெட்டும் முறையையும் கவனியுங்கள். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் முனை நசுங்கி, துளை சுருங்கிவிடும். நல்ல மெக்கானிக் அரத்தால் சுற்றிலும் கீறி, இருபுறமும் வளைத்து ஒடிப்பார். ஈரம் உள்ளே போனால் கேப்பிலரியின் முனையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ‘சோக் ஆயிடுச்சு’ என்று அவர்கள் சொல்வதில் இதுவும் ஒரு வகை. கேஸ் மாற்றும்போது டிரையரையும் (ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி) மாற்றச் சொல்வது வீண்செலவு அல்ல.

நம் பகுதியில் பெரிய அளவில் இது எங்கே பயன்படுகிறது?

காரைக்காலைப் பாருங்கள். திருமலைராயன்பட்டினம் பக்கம் போலகத்தில் புதுச்சேரி அரசு நிறுவனத்தின் 32.5 மெகாவாட் மின்நிலையம் இயற்கை எரிவாயுவில் இயங்குகிறது. அந்த எரிவாயு காவிரிப் படுகையின் பாறைகளுக்குள்ளிருந்து வருகிறது. நிலத்தடியில் அது குளம்போல் தேங்கி இருப்பதில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளில் அடைந்து கிடக்கிறது. கிணறு தோண்டினால், எண்ணற்ற நுண்புழைகள் வழியே விரிந்துகொண்டே கிணற்றை நோக்கி வருகிறது.

அழுத்தம் மிதமாக இருக்கும் வரை, அங்கேயும் அழுத்த இருமடிகளின் வேறுபாடுதான் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு கிணறு நாளைக்கு எவ்வளவு தரும் என்று கணிக்க, பாறை வாயுவைத் தன் வழியே விடும் தன்மையோடு வாயுவின் பாகுநிலையும் வேண்டும். ஆழமான கிணறுகளில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் மேக்ஸ்வெல் சொன்ன சலுகை செல்லாது. அதே அழுத்தத்தில், அதே வெப்பத்தில் அளந்த பாகுநிலைதான் கணக்குக்கு உதவும். அதற்கென்றே உயரழுத்த நுண்குழாய்க் கருவிகள் உண்டு.

நீர்மங்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே?

சாதாரண அழுத்தத்தில் இல்லை. ஒரு காற்றழுத்தம் கூட்டினால் தண்ணீர் ஏறத்தாழ 20,000இல் ஒரு பங்குதான் சுருங்கும். ஆனால் புதிய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் அழுத்தப்பட்டு, மயிரிழைத் துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. அங்கே டீசலும் சில விழுக்காடு சுருங்குகிறது, பாகுநிலையும் சில மடங்கு உயர்கிறது. இன்ஜெக்டர் துளை கொஞ்சம் தேய்ந்தாலோ அடைத்தாலோ புகையும் மைலேஜும் மாறிவிடும்.

ஒன்றிரண்டு விழுக்காட்டுப் பிழையைப் பெரிதுபடுத்த வேண்டுமா?

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1923இல் நோபல் பரிசு பெற்ற மில்லிகன், எண்ணெய்த் துளிகள் காற்றில் விழும் வேகத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிட்டார். அதற்குக் காற்றின் பாகுநிலை தேவைப்பட்டது. அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு அரை விழுக்காடு போலக் குறைவு. விளைவாக, எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 என்று வர வேண்டிய இடத்தில் 1.592 என்று வந்தது. 1930களில் காற்றின் பாகுநிலையைத் திரும்ப அளந்த பிறகுதான் அது நேரானது.

கடைசியாக, இதை நான் எங்கே பயன்படுத்துவேன்?

வாயுவைப் பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும், ‘எந்த அழுத்தத்தில்?’ என்று கேளுங்கள். கம்ப்ரசர் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) தொட்டிக்குள் அமுங்கிய காற்றைச் சொல்கிறதா, வெளிக்காற்றின் அளவைச் சொல்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பல மடங்கு வேறுபாடு உண்டு.

வீட்டில் நோயாளிக்கு ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி நேரடியாக உதவும். ‘பி’ வகை சிலிண்டரின் கொள்ளளவு தண்ணீராக 10 லிட்டர்தான். ஆனால் நிரம்பியிருக்கும்போது உள்ளே 150 மடங்கு காற்றழுத்தம். வெளியே வரும்போது அது 1,500 லிட்டராக விரியும். மூக்குக் குழாய்க்குப் போகும் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் உள்ள லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் முழு சிலிண்டர் பன்னிரண்டரை மணி நேரம் வரும். அழுத்தமானியின் முள் 50க்கு இறங்கிவிட்டால் மீதி 500 லிட்டர், அதாவது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். முழுவதும் தீரும்வரை காத்திருக்காமல், இரவு படுக்கப் போகும் முன் முள்ளைப் பாருங்கள். பத்தால் பெருக்கி, நிமிடத்துக்குப் போகும் லிட்டரால் வகுங்கள். வரும் எண், கையில் மிச்சமிருக்கும் நிமிடங்கள். விடியும் வரை அது போதாது என்றால், அடுத்த சிலிண்டருக்கு அப்போதே சொல்லிவிடுங்கள்.